வெளியாரிடம் தரும் மென்பொருள் பணியில் ரெப்போ அணுகல்

மென்பொருளை வெளி நிறுவனத்திடமோ தனி நிரலாளரிடமோ எழுதக் கொடுக்கும்போது, அதன் மூலநிரல் இருக்கும் ரெப்போவை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யாருடைய அனுமதி எப்போது நீங்கும் என்று வகுப்பதே ரெப்போ அணுகல் மேலாண்மை. இன்று பெரும்பாலான ரெப்போக்கள் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் முறையில் இயங்குகின்றன. கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட் ஆகியவை அவற்றை இணையத்தில் வைத்துத் தருகின்றன.

ரெப்போ யார் கணக்கில் இருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் கொள்முதல் செய்யும் வணிகர் ஒருவர், எடைச்சீட்டும் பில்லும் போடும் மென்பொருளைத் திருச்சி நிரலாளர் ஒருவரிடம் எழுதக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நிரலாளரின் சொந்த கிட்ஹப் கணக்கில் ரெப்போ தொடங்கினால், வணிகர் அதில் அழைக்கப்பட்டவர் மட்டுமே. எந்த நாளும் அவரை நீக்கிவிடலாம். வணிகர் தம் தொழிலின் பெயரில் ஆர்கனைசேஷன் கணக்கு திறந்து, நிரலாளரை அதில் வெளி ஆளாகச் சேர்ப்பதே சரியான முறை. இதை முதல் நாளே செய்துவிட வேண்டும். பாதி வேலையில் கேட்டால் மனத்தாங்கல்தான் வரும்.

சட்டமும் பணம் கொடுத்தவர் பக்கம் தானாகச் சாய்வதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல் முதலாளிக்குச் சேரும். ஒப்பந்தத்துக்கு எழுதித் தரும் வெளி ஆள் விஷயத்தில், வேறு உடன்பாடு இல்லையென்றால் எழுதியவரே பொதுவாக உரிமையாளர். 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் இந்த இரண்டு வரிகள் விடுபடுவது பெரிய இழப்பு.

கிட்ஹப் ஆர்கனைசேஷனில் அணுகலுக்கு ரீட், ட்ரையாஜ், ரைட், மெயின்டெயின், அட்மின் என ஐந்து படிகள் உண்டு. வெளி நிரலாளருக்கு ரைட் போதும். மெயின் கிளையைப் பூட்டி, மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்டை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே நிரல் அதில் சேரும்படி வைக்கலாம்.

ரகசியச் சாவிகளை நிரலுக்குள் எழுதி வைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. டொயோட்டாவின் டி-கனெக்ட் என்ற கார் இணைப்புச் சேவையில், துணை ஒப்பந்ததாரர் ஒருவர் மூலநிரலின் ஒரு பகுதியை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தார். 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை அது அப்படியே இருந்தது. தரவு சர்வரின் அணுகல் சாவியும் அதில் இருந்ததால் 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. கோப்பை அழித்து அந்த மாற்றத்தை மறுபடி கமிட் செய்து பதிந்தாலும் சாவி போய்விடாது: கிட் பழைய வடிவங்களையெல்லாம் வைத்திருப்பதால், வரலாற்றைப் புரட்டினால் நீக்கிய வரி அப்படியே தெரியும். அந்தச் சாவியை ரத்து செய்து புதிது வாங்குவதே வழி.

வேலை முடிந்த அன்றே கணக்கை நீக்கி, சர்வர் ரெப்போவை எடுக்கப் பயன்படும் டிப்ளாய் கீ, பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் டோக்கன், சர்வர் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நிரலாளரின் மடிக்கணினியில் உள்ள நகலை இது எட்டாது. அங்கே ஒப்பந்தமும் சட்டமுமே காவல். அமெரிக்க சாலிட்வொர்க்ஸ் மென்பொருளின் மூலநிரலை விற்க முயன்றதாக, அதற்கு வேலை செய்துவந்த மும்பை ஜியோமெட்ரிக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர் 2002-இல் டெல்லியில் பிடிபட்டார். 2009-இல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம், கெடுநோக்குடன் மூலநிரலைத் திருடுவதை 43-ஆம் பிரிவில் சேர்த்தது. 66-ஆம் பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.