கத்தியை விட்டு வார்த்தைக்கு: மேருவின் நாற்பது வருடங்கள்

பெண் பிறப்புறுப்புச் சிதைப்பு பற்றிக் கதை வந்தால் எங்களுக்குள் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இதை ஏன் இன்னும் சட்டம் போட்டு நிப்பாட்டேல்ல?" நியாயமான கேள்வி. ஆனால் 1956இலேயே தடை போட்டுப் பார்த்த ஓர் இடம் இருக்கிறது. அது கென்யா மலையின் வடகிழக்குச் சரிவில் உள்ள மேரு. அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் நாட்டுக்கு வருவோம்.

மேருவில் பெண்ணுறுப்பின் பகுதிகளை வெட்டுவது ஒரு சடங்கு. அது முடிந்தால்தான் சிறுமி பெண்ணாவாள், கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம். வெட்டுப்படாதவள் எத்தனை வயதானாலும் சின்னப்பிள்ளைதான். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, பிரசவச் சிக்கல், தீராத வலி எல்லாம் அந்த மதிப்புக்குக் கொடுத்த விலை.

இதை வெளியிலிருந்து எதிர்த்தவர்கள் மிஷனரிமார். பக்கத்துக் கிகூயு மக்களிடம் 1929இல் ஸ்கொட்லாந்துச் சபை மிஷன், இந்த வழக்கத்தைக் கைவிடுவதாக உறுதிமொழி கேட்டது. பெருந்தொகையானோர் சபையை விட்டே வெளியேறி, தனிப் பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் கட்டினார்கள். காணியைப் பறித்தவன் இப்ப எங்கட பிள்ளைகளையும் திருத்த வாறானா என்ற கோபம் அது. பின்னாளில் ஜனாதிபதியான ஜோமோ கென்யாட்டா, 1938இல் வெளியான தன் நூலில் இந்த வழக்கத்துக்காக வாதாடினார். சிறுமியின் உடம்பு இரண்டு பக்கத்து ஆண்களின் சண்டைக்களமாயிற்று.

1956 ஏப்ரலில், மவ் மவ் கிளர்ச்சியை அடக்கும் அவசரகாலத்துக்குள், மேருவின் ஞ்ஜூரி ஞ்செக்கே என்ற ஆண் மூப்பர் சபை பிரித்தானிய அதிகாரிகளின் தூண்டுதலில் வெட்டுதலைத் தடைசெய்தது. பிறகு நடந்ததை வாசித்தபோது நாங்கள் திகைத்துப்போனோம். சிறுமிகள் பிளேட் வாங்கிக்கொண்டு பற்றைக்குள் போய்த் தங்களைத் தாங்களே, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு 'ங்கைத்தானா' என்றே பெயர் வந்தது. 'என்னை நானே வெட்டிக்கொள்வேன்' என்பது அதன் பொருள். மூன்று வருடங்களில் 2,400க்கும் மேற்பட்ட பெண்களும் ஆண்களும் சிறுமிகளும் தடையை மீறியதாக வழக்குகளைச் சந்தித்தார்கள். வழக்கம் நிற்கவில்லை.

அந்தப் பிள்ளைகளை அறியாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. ஆனால் கடைசிவரைக்கும் சின்னப்பிள்ளையாகவே நின்றுவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு உண்மையானது. தடை கத்தியைப் பறித்தது. கத்தி கொடுத்த மதிப்புக்குப் பதிலாக ஒன்றையும் வைக்கவில்லை.

நாற்பது வருடம் கழித்து, பழைய மேரு மாவட்டத்தின் பகுதியாக இருந்த தராக்காவில் வேறொரு முயற்சி தொடங்கியது. 1996இல் 'மயேந்தலேயோ யா வனவாகே' என்ற பெண்கள் அமைப்பு அவ்வூர்க் குடும்பங்களோடு சேர்ந்து 'ந்தானிரா நா முகாம்போ' என்ற புதுச் சடங்கை நடத்தியது. 'வார்த்தையால் செய்யும் விருத்தசேதனம்' என்று பொருள். சிறுமிகள் சில நாட்கள் ஒதுங்கியிருந்து உடம்பு, உறவு, பொறுப்பு பற்றிப் பெரிய பெண்களிடம் படித்தார்கள். பிறகு ஊரே கூடிப் பாட்டு, ஆட்டம், பரிசு. மதிப்புக் கிடைத்தது, கத்தி மட்டும் இல்லை.

சட்டம் தேவையில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கென்யா 2011இல் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 15 - 49 வயதுப் பெண்களில் வெட்டப்பட்டவர்கள் 1998இல் 38 சதவீதம். 2022இல் 15 சதவீதம். சட்டம், பெண் கல்வி, தாய்மாரின் மனமாற்றம் எல்லாம் சேர்ந்துதான் இந்த மாற்றம். சோமாலி மக்கள் வாழும் வடகிழக்கில் இன்னமும் பெரும்பான்மைப் பெண்கள் வெட்டப்பட்டவர்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

இனி எங்கள் நாடு. இலங்கையிலும் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில், பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளளவில் ஒஸ்தா மாமியைக் கூப்பிட்டுக் 'கத்னா' செய்கிறார்கள். மேருவில் ஊரறிந்த சடங்கு. இங்கே மூடிய அறைக்குள், பெண்களுக்குள் மட்டும். வெட்டின் அளவும் அங்கேபோல இல்லை. ஆனால் குழந்தையின் சம்மதம் இரண்டு இடத்திலும் இல்லை. 2018இல் சுகாதார அமைச்சு, வைத்தியர்கள் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. ஒஸ்தா மாமியின் கைக்கு அது எட்டவில்லை.

எங்களில் சிலர் முஸ்லிம் வீடுகளில் பிறந்தவர்கள். இதைப் பற்றி வெளியில் கதைத்தால் இனவாதிகளுக்குத் தீனி போட்டதாகிவிடும் என்ற பயம் எங்களுக்கும் இருக்கிறது. 2019க்குப் பிறகு அது கூடியிருக்கிறது. 1929இல் கிகூயு மக்களுக்கு வந்த கோபத்துக்கு இது தூரமில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தால், விலை கொடுப்பது நாற்பது நாள் பிள்ளை.

ஆகவே கதையை வீட்டுக்குள்ளேயே தொடங்குவோம். உம்மாவிடம், மூத்தம்மாவிடம் குற்றம் சாட்டாமல் கேட்போம்: "எனக்கும் செஞ்சீங்களா? ஏன் செஞ்சீங்க?" பதில் சொல்ல அவர்களுக்கும் நேரம் கொடுப்போம். அடுத்த பிள்ளைக்கு நாற்பது வருவதற்குள் அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும்.