கட்டணம் இல்லாத கல்வியும் கணக்கில் வராத செலவும்

இலங்கையில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இலவசக் கல்வியைப் பாதுகாப்போம் என்றுதான் கூறுகிறது. எதிர்க்கட்சியில் அமர்ந்தாலும் அதையே கூறுகிறது. 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அத்திட்டம் எண்பது ஆண்டுகளைக் கடந்து நிற்பது பெருமைக்குரியதே. ஆயினும் கட்டணம் என்பது ஒரு கணக்கு. செலவு என்பது வேறொரு கணக்கு. எமது கல்வி வரலாற்றை எழுதியோரிற் பலர் முதலாவது கணக்கோடு நிறுத்திக் கொண்டனர். இரண்டாவது கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரித்தானியர் ஆட்சியில் கட்டணம் எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவானதாக இருக்கவில்லை என்பதை முதலிற் கவனிக்க வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த சுயமொழிப் பாடசாலைகளில் கட்டணம் அறவிடப்படவில்லை. ஆங்கிலப் பாடசாலைகளே கட்டணம் அறவிட்டன. அரசாங்க உத்தியோகம், சட்டம், மருத்துவம், மேற்படிப்பு ஆகிய யாவும் ஆங்கிலத்தின் வழியாகவே கிட்டின. ஆகவே, இலவசமாகக் கிடைத்த கல்வி வாசல் வரைதான் கொண்டு சென்றது. வாசலைத் திறப்பதற்குப் பணம் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் காணியை ஈடு வைத்தும் நகையை விற்றும் பிள்ளையை மிஷன் பாடசாலைக்கு அனுப்பிய குடும்பங்களின் கதைகளை மூத்த தலைமுறையினர் நன்கறிவர்.

அக்காலத்தில் உயர்கல்விக்கான அரச உதவி எவ்வளவு குறுகியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மிகத் திறமையான மாணவரை இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் புலமைப்பரிசில் ஒன்று இருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அதனை 1870 இல் பெற்றுக் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குச் சென்றார். முழுத் தீவிலிருந்தும் விரல் விட்டு எண்ணத்தக்க சிலருக்கே அப்பேறு வாய்த்தது. அதன் பயனை நுகர்ந்த அருணாசலமே அது போதாது என்பதை உணர்ந்தார். 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றவர் அவர். அந்த இயக்கத்தின் முதற் பயனாக 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அதன் மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1942 இல்தான் ஐவர் ஜெனிங்ஸை முதலாவது துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் வருகையை நோக்க வேண்டும். தென்னிலங்கையின் றண்டொம்பையில் 1884 இல் பிறந்த அவர், ஒரு பாதிரியாரின் கண்ணிற் பட்டுக் கிடைத்த புலமைப்பரிசிலினால் காலி றிச்மண்ட் கல்லூரியில் கற்றவர். ஒரு பிள்ளையின் எதிர்காலம் இத்தகைய தற்செயலில் தங்கியிருக்கலாமா என்ற வினாவை அவர் தம் வாழ்க்கையிலிருந்தே எழுப்பியிருக்க முடியும். 1931 முதல் 1947 வரை கல்வியமைச்சராக இருந்த அவரது தலைமையிலான விசேட குழு 1943 இல் அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி என்பதே அதன் சாரம். சமயச் சபைகளும் வசதி படைத்தோரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பைத் தாண்டித் திட்டம் நிறைவேறியது. ஆனால் 1947 பொதுத் தேர்தலில் மத்துகமை வாக்காளர்கள் கன்னங்கராவைத் தோற்கடித்தனர்.

இங்கு ஒரு முக்கிய விடயம் மறக்கப்பட்டு வருகிறது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் ஏழைப் பிள்ளை கற்றுவிட முடியாது என்பதைக் கன்னங்கரா அறிந்திருந்தார். அதனாலேயே கிராமப்புறங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. அவற்றில் ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறிய பிள்ளைகளுக்கு விடுதியும் உணவும் சேர்த்தே வழங்கப்பட்டன. இன்றைய புலமைப்பரிசில் பரீட்சையின் வேர் அதுவே. படிப்பவனுக்குப் பசிக்கும் என்பதைக் கருத்திற் கொண்ட திட்டம் அது. பேராதனைப் பல்கலைக்கழகமும் மாணவர் அனைவரும் வளாகத்திலேயே தங்கிப் பயிலும் நோக்குடன்தான் திட்டமிடப்பட்டது.

ஆயினும் அந்தக் குடையின் கீழ் எல்லோரும் வரவில்லை. மலையகத் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தின் பெரும்பங்கைத் தேடித் தந்த தொழிலாளரின் பிள்ளைகள், 1970 களில் அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை, ஒரு சில ஆரம்ப வகுப்புகளுடன் படிப்பை முடித்துக்கொள்ள நேர்ந்தது. பல்கலைக்கழகம் இலவசம் என்ற செய்தி உயர்தர வகுப்பையே காணாத பிள்ளைக்கு என்ன பயனைத் தரும்?

1960 இலிருந்து சுயமொழி மூலம் கற்ற மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் நுழைந்தனர். எண்ணிக்கை பெருகியது, விடுதிகள் அதற்கேற்பப் பெருகவில்லை. வாடகை அறை, பஸ் கட்டணம், கடைச் சாப்பாடு என்பன மாணவரின் வரவு செலவில் இடம்பிடித்தன. 1970 களில் வந்த தரப்படுத்தல் இன்னொரு செலவையும் ஏற்படுத்தியது. புள்ளிகள் இருந்தும் இடம் கிடைக்காத தமிழ் மாணவர்களுள் வசதியுடையோர் இந்தியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் சென்றனர். வசதியற்றவர்களுட் சிலர் எந்தப் பாதையைத் தேர்ந்தனர் என்பதும் அதற்கு இந்நாடு கொடுத்த விலையும் நான் விளக்கத் தேவையற்றவை.

1981 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டிலேயே மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியச் சட்டம் நிறைவேறியது. வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் எண்ணத்தில் உருவான திட்டம் அது. சிங்களத்தில் மகாபொல என்றால் பெருஞ்சந்தை என்று பொருள். மாகாண நகரங்களில் நடந்த வர்த்தகக் கண்காட்சிகளின் வருமானமும் பின்னர் அபிவிருத்தி லொத்தரின் வருமானமும் வறிய மாணவரின் மாதப் பணமாயின. திறந்த பொருளாதாரம், தான் உயர்த்திய விலைவாசிக்குத் தானே ஒரு நிவாரணத்தையும் தேடிக்கொண்டது எனலாம். அதே ஆட்சியில், றாகமையில் கட்டணம் செலுத்திப் பயிலும் வடகொழும்பு மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது. நாடு தழுவிய மாணவர் போராட்டங்களின் பின் 1989 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. உதவி பெறும் மாணவர், பணம் செலுத்தும் மாணவர் என்ற இரு பாதைகளும் ஒரே ஆட்சியில் பிறந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

மகாபொலவின் பயனை நானும் அனுபவித்தவன். கலைப்பட்டதாரியாக வெளியேறிய எனது வகுப்பில் அரைவாசிப் பேருக்கு மேல் அப்பணத்தை நம்பியே வாழ்ந்தனர். சிலர் அதிலும் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பினர். ஆகவே அத்திட்டத்தின் மீது எனக்கு நன்றியுண்டு. அந்த நன்றியே அதன் குறையைச் சுட்டவும் தூண்டுகிறது.

உதவித்தொகை அரசியல் அறிவிப்பினால் உயர்கிறது. விலைவாசி நாள்தோறும் உயர்கிறது. 2015 ஆம் ஆண்டளவில் 5,000 ரூபாவாக்கப்பட்ட மகாபொல மாதக் கொடுப்பனவு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அசையாது நின்றது. அக்காலத்துள் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்து போயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் தொட்டன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 7,500 ரூபாவாகவும், பேர்சரி எனப்படும் நிதியுதவி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. வரவேற்கத்தக்க உயர்வே. எனினும் அப்பத்தாண்டுகளில் விலைகள் இரு மடங்கையும் தாண்டிவிட்டன. தாளில் உயர்ந்த தொகை சந்தையில் குறைந்திருக்கிறது.

மறுபுறம், க.பொ.த. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் அனுமதி கிட்டுகிறது. அந்த ஒருவராவதற்குப் பெற்றோர் ரியூட்டரிகளுக்குக் கொட்டும் பணம் எந்த இலவசக் கல்விக் கணக்கிலும் சேர்வதில்லை. 1945 இல் ஆங்கிலப் பாடசாலை வாசலில் அகற்றப்பட்ட கட்டணம் ரியூட்டரி வாசலில் மீண்டும் வந்து அமர்ந்திருக்கிறது. எஞ்சிய மூவருக்காக 2017 இல் தனியார் உயர்கல்வி நிறுவனங்களிற் பயில வட்டியில்லாக் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியை மூடுவதாக அரசு அறிவித்தது. ஒரு கையால் கதவை அடைத்து மறு கையால் திறக்கும் இப்போக்கு அந்த ஆட்சியிலிருந்தே தொடர்கிறது. மானியத்துக்குப் பதிலாகக் கடன் என்ற புதிய அத்தியாயம் ஓசையின்றி எழுதப்படுகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

பல்கலைக்கழகக் கட்டணத்தை எவரும் வெளிப்படையாகத் திணிக்கப் போவதில்லை. அந்தத் துணிவு எந்த அரசுக்கும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. உதவித்தொகையை உயர்த்தாமல் விட்டாலே போதும். செலவைத் தாங்க முடியாத பிள்ளை தானாகவே விலகி விடும். ஆர்ப்பாட்டம் இராது, பத்திரிகைத் தலைப்பும் இராது. எனவே, மாணவர் உதவித்தொகை ஆண்டுதோறும் விலைச்சுட்டெண்ணுக்கு ஏற்பத் தானாகவே உயர வேண்டும் என்பதைச் சட்டமாக்குவதே இன்றைய தேவை. விடுதியையும் உணவையும் சேர்த்தே கல்வி எனக் கருதிய கன்னங்கராவின் கணக்கு அதுவே. அவரது சிலைகளுக்கு மாலை அணிவிப்போர் அக்கணக்கையும் ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.