காற்றில்லாத காட்டில் ஓடியவர்கள்

1987 பிப்ரவரியில் ஜப்பானின் ஆர்கேட் கூடங்களுக்கு ஒரு புதிய இயந்திரம் வந்தது. திரை அகலவாக்கில் இல்லை, நெடுவாக்கில் நின்றது. அதற்குள் ஒரு காடு, இரண்டு ஆட்கள், ஆளுக்கொரு துப்பாக்கி. எதிரியின் ஒரே ஒரு குண்டு பட்டாலும் சாவுதான். இயந்திரத்தின் பெயர் காண்ட்ரா. வெளியிட்டது கொனாமி.

கொனாமிக்கு அப்போது ஏறக்குறைய 18 வயது. 1969இல் ஒசாகா பக்கம் ககெமாசா கோசுகி என்பவர் ஜூக்பாக்ஸ்களை வாடகைக்கு விட்டும் பழுதுபார்த்தும் தொடங்கிய தொழில் அது. காசு போட்டால் பாடும் பெட்டியிலிருந்து காசு போட்டால் விளையாட விடும் பெட்டிக்கு நகர்ந்து, 1980களின் நடுவில் ஜப்பானின் பெரிய விளையாட்டு நிறுவனங்களில் ஒன்றாகியிருந்தது. காண்ட்ரா என்ற சொல் அந்த மாதங்களில் உலகச் செய்தித்தாள்களில் தினமும் அடிபட்டது. நிகரகுவாவின் காண்ட்ரா படைகளுக்கு அமெரிக்க அதிகாரிகள் இரகசியமாகப் பணம் அனுப்பிய விவகாரம் 1986 நவம்பரில் வெடித்திருந்தது. விளையாட்டின் முடிவில் ஒலிக்கும் இசைக்குக் கொனாமிக்காரர்கள் வைத்த பெயர் ‘சாண்டினிஸ்டா’. அது காண்ட்ராக்களின் எதிரணி. விளையாட்டின் கதைக்கும் நிகரகுவாவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கதை 2633ஆம் ஆண்டில், நியூசிலாந்துக்கு அருகே கலுகா என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தில், வேற்றுலகப் படையொன்றை எதிர்த்து நடக்கிறது.

ஆர்கேட் இயந்திரத்தோடு நின்றிருந்தால் காண்ட்ராவை இன்று ஆய்வாளர்கள் மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள். அதன் வாழ்க்கை உண்மையில் தொடங்கியது ஓராண்டு கழித்து, 1988 பிப்ரவரியில், நிண்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு அது வந்தபோது.

ஃபேமிகாம் 1983 ஜூலையில் 14,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்த வீட்டுப் பெட்டி. அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். ஆர்கேட் இயந்திரத்தின் படங்களையும் ஓசைகளையும் அதற்குள் அப்படியே கொண்டுவர வழியில்லை. அதனால் ஷிகெஹாரு உமெசாகியும் அவருடன் இருந்தவர்களும் விளையாட்டை அடியிலிருந்து திரும்பக் கட்டினார்கள். நெடுந்திரைக்காக வரைந்த காட்டைத் தொலைக்காட்சியின் அகலத்துக்கு மாற்றினார்கள். ஆர்கேடில் ஒரே மூச்சில் ஓடி முடியும் பிற்பகுதியைப் பிரித்து நீட்டி, மொத்தம் 8 ஸ்டேஜ்களாக்கினார்கள்: காடு, கோட்டை, அருவி, மீண்டும் கோட்டை, பனிவெளி, ஆற்றல் நிலையம், கிடங்கு, கடைசியில் வேற்றுயிரின் உடலுக்குள்ளேயே புகுந்து அதன் இதயத்தைச் சுடுவது. வீட்டுக்கு வந்த வடிவம் மூலத்தைவிடச் சிறந்தது என்று சொல்லக்கூடிய விளையாட்டுகள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. காண்ட்ரா அவற்றில் முதலிடத்தில் வரும் என்பது என் கருத்து. ஆர்கேடில் பொத்தானை அழுத்துவதற்கும் ஆள் குதிப்பதற்கும் இடையே ஒரு கனம் இருக்கும். ஃபேமிகாமில் விரல் நினைத்ததும் ஆள் அந்தரத்தில் பந்தாகச் சுருண்டுவிடுகிறான்.

ஜப்பானில் விற்ற அந்தக் கேசட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜப்பானில் சொந்தமாகக் கேசட் தயாரித்துக்கொள்ள நிண்டெண்டோ அனுமதித்த சில நிறுவனங்களில் கொனாமியும் ஒன்று. அது விஆர்சி2 என்று ஒரு தனிச் சில்லைச் செய்து கேசட்டுக்குள் வைத்தது. அந்தச் சில்லின் வேலை, படங்கள் இருக்கும் நினைவகத்தின் ஒரு பகுதியை மறைத்து இன்னொரு பகுதியைக் கண நேரத்தில் முன்னே கொண்டுவருவது. ஓலையை இரண்டு மூன்று நிலைகளில் வரைந்து வைத்துவிட்டு, மாற்றி மாற்றிக் காட்டினால் ஓலை அசையும். அப்படித்தான் ஜப்பான் காண்ட்ராவின் முதல் ஸ்டேஜில் காடு முழுவதும் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது. பனிவெளி ஸ்டேஜில் பனிக்காற்று வீசுகிறது. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நடுவில் வரைபடம் வந்து, எங்கே இருக்கிறோம், அடுத்து எங்கே போகிறோம் என்று காட்டுகிறது. கதை சொல்லும் சிறு காட்சிகளும் உண்டு.

அமெரிக்காவுக்குப் போகும்போது இவை எல்லாம் உதிர்ந்தன. அங்கே கேசட் நிண்டெண்டோ அனுமதித்த பலகை வகைகளில்தான் வர வேண்டும், கொனாமியின் சில்லுக்கு இடமில்லை. அமெரிக்கக் காண்ட்ரா ஏறிய பலகையில் நிரலுக்கு 128 கிலோபைட், அதோடு எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும் இரண்டு சாதாரணச் சில்லுகள். இதில் படங்களைக் கண நேரத்தில் மாற்ற முடியாது. நிரலுக்குள் சுருட்டி வைத்த படத்தை எடுத்து, துண்டு துண்டாகப் பட நினைவகத்தில் எழுத வேண்டும். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு நேரம் போதாது. எனவே காற்று நின்றது. வரைபடம் போனது, காட்சிகள் போயின. கையேட்டில் எதிர்காலமும் போய்க் கதை நிகழ்காலத்துக்கும் தென் அமெரிக்கக் காட்டுக்கும் நகர்ந்தது. அட்டைப் பெட்டியின் மேல் பிரிட்டன் ஓவியர் பாப் வேக்லின் வரைந்த படம் வந்தது. அதில் துப்பாக்கியோடு நிற்பவர்களைப் பார்த்தால் ‘பிரிடேட்டர்’ படத்து அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர் உடனே நினைவுக்கு வருவார்.

மிஞ்சியது என்ன? நீலக் கால்சட்டைக்காரன் ஒருவன், சிவப்புக் கால்சட்டைக்காரன் ஒருவன், மேலே பறந்து வரும் உறையைச் சுட்டால் விழும் எழுத்துகள். எம் என்றால் சடசடவென்று சுடும், எல் என்றால் லேசர், எஃப் என்றால் சுழலும் நெருப்பு, எஸ் என்றால் விசிறியாக விரியும் ஐந்து குண்டுகள். எஸ் விழுந்தால் இரண்டு பேரும் அதை நோக்கி ஓடுவார்கள். செத்தால் துப்பாக்கி போய்விடும், மறுபடி வெறும் ஒற்றைக் குண்டு. அருவி ஸ்டேஜில் இன்னொரு கொடுமை. திரை மேல்நோக்கித்தான் நகரும். ஒருவன் அவசரப்பட்டுத் தாவி ஏறினால், கீழே பின்தங்கியவன் திரைக்கு வெளியே விழுந்து சாவான். கூட ஆடுபவனைக் கொல்ல எதிரி வேண்டியதில்லை, நண்பனின் அவசரமே போதும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துக்கொண்டே ஆட வேண்டிய விளையாட்டாக இதைச் செய்தது இந்த ஏற்பாடுதான். அதை எந்தக் கப்பலிலும் யாராலும் இறக்கி வைக்க முடியவில்லை.

அமெரிக்காவில் அதற்கு இன்னொன்றும் கிடைத்தது. கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற கொனாமி நிரலாளர் ‘கிரேடியஸ்’ என்ற விண்வெளி விளையாட்டை 1986இல் ஃபேமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்கும்போது அவராலேயே அதை முடிக்க முடியவில்லை, அவ்வளவு கடினம். எனவே தனக்காக ஒரு வழி வைத்துக்கொண்டார். விளையாட்டை நிறுத்திவிட்டு, மேலே, மேலே, கீழே, கீழே, இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் எல்லா ஆயுதங்களும் ஒரே நேரத்தில் வந்துவிடும். தன் விரலுக்கு மறக்காது என்பதற்காக அந்த வரிசை. விற்பனைக்குப் போன கேசட்டிலும் அது அப்படியே இருந்தது. காண்ட்ராவில் அதே வரிசையைத் தலைப்புத் திரையில் அழுத்தினால் 3 உயிருக்குப் பதில் 30 உயிர். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் இது வாய்வழியாகப் பரவியது. சோர்ந்துபோன ஒரு தொழிலாளி தன் வசதிக்காக எழுதிய பத்து அசைவுகள் இன்று உலகம் முழுக்கக் கொனாமி கோட் என்று பெயர் பெற்றுவிட்டன. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார்.

ஐரோப்பாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனிதர்களைச் சுடும் விளையாட்டுகள் மீது ஜெர்மனியில் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. 1990இல் வீட்டுப் பெட்டிக்கு அங்கே வந்தபோது நாயகர்கள் ரோபோக்களாக மாறியிருந்தார்கள், எதிரிப் படைவீரர்களும் ரோபோக்கள்தான். பெயர் ‘ப்ரோபோடெக்டர்’. வேற்றுலக உயிர்களைச் சுடுவதில் யாருக்கும் ஆட்சேபம் எழவில்லை போலும், அவை அப்படியே இருந்தன.

ஆனால் காண்ட்ராவை அதிகம் பேர் ஆடியது இந்தச் சட்டப்படியான வழிகளில் அல்ல. அமெரிக்காவில் விற்ற பெட்டியில் நிண்டெண்டோ ஒரு பூட்டுச் சில்லை வைத்திருந்தது, அனுமதியில்லாத கேசட் ஓடாது. ஜப்பானின் ஃபேமிகாமில் அந்தப் பூட்டு இல்லை. தைவானின் யூஎம்சி நிறுவனம் ஃபேமிகாமின் செயலிக்கும் படச் சில்லுக்கும் நகல்களைத் தயாரித்தது. அவற்றை வைத்து ஆசியாவில் எண்ணற்ற நகல் பெட்டிகள் உருவாயின. ரஷ்யாவில் 1992இல் வந்த டெண்டி, போலந்தில் பெகாசஸ், சீனாவில் சுபோர். சுபோருக்கு ஜாக்கி சான் விளம்பரத்தில் நடித்தார். கேசட்டை நகலெடுப்பவர்களுக்குக் கொனாமியின் தனிச் சில்லு தொல்லை, அமெரிக்கப் பலகையின் இரண்டு சாதாரணச் சில்லுகள் வரம். இழப்பிலிருந்து பிறந்த அந்த எளிய வடிவம்தான் இதனால் மிக நீண்ட தூரம் போனது. அமெரிக்க நிரல், ஜப்பானிய 60 முனை வாய், தைவான் சில்லு: மூன்றும் சேர்ந்த ஒரு பொருள் பர்மாவிலிருந்து வந்த தமிழர்களின் கடைகளாக உருவான சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கி விற்கப்பட்டது.

தமிழ்நாட்டில் அதற்குக் காண்ட்ரா என்பதைவிட டிவி கேம் என்ற பொதுப்பெயர்தான் நிலைத்தது. வாங்க முடிந்தவர்கள் குறைவு. சிறு ஊர்களில் ஒரு கடைக்காரர் பழைய டிவி ஒன்றை வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார், முழுப்பரீட்சை லீவில் அங்கே வரிசை நிற்கும். ஆண்டெனா கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் கம்பியைச் செருகி, டிவியில் சேனலைத் திருகித் திருகித் தேட வேண்டும். படம் கிடைக்கவில்லை என்றால் கேசட்டை உருவி வாயால் ஊதுவார்கள். கேசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சில. மற்றவை எல்லாம் அவையே, தொடங்கும் இடம் மட்டும் மாறியவை. அந்தப் பட்டியலில் காண்ட்ரா பல முறை வரும். ஒன்றில் அருவியிலிருந்து தொடங்கும், ஒன்றில் பனிவெளியிலிருந்து, ஒன்றில் முதலிலேயே நிறைய உயிர். ஹாஷிமோட்டோவின் பத்து அசைவுகள் இங்கே பலருக்கும் தெரியாது. நகலெடுத்தவர்கள் அதன் பலனை மெனுவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையேடு இல்லை, கதை இல்லை. பில், லான்ஸ் என்று அந்த இருவருக்கும் பெயர் உண்டு என்பதுகூடத் தெரியாமல், நான் நீலம், நீ சிவப்பு என்று ஆடினார்கள்.

வேகமும் மாறியது. அன்றைய ஜப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தன, நம்முடையவை 50 முறை. விளையாட்டின் ஒவ்வொரு அசைவும் இசையின் ஒவ்வொரு தாளமும் அந்தத் துடிப்பைத்தான் பின்பற்றுகின்றன. நம் தொலைக்காட்சிகளுக்காகச் செய்த நகல் பெட்டிகளில் எனவே காண்ட்ரா ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் தளர்ந்திருக்கும். மயேசாவா, சாதா என்ற கொனாமி இசையமைப்பாளர்கள் இருவரும் ஃபேமிகாமுக்காக அமைத்த முதல் ஸ்டேஜ் இசையை இன்று மூல வேகத்தில் கேட்கும் நம்மூர்க்காரருக்கு அது யாரோ துரத்துவதுபோல ஒலிப்பதற்குக் காரணம் இது.

சீனாவில் இதே விளையாட்டுக்கு ஒரு புராணமே வளர்ந்தது. எட்டு ஸ்டேஜ்களையும் முடித்த பிறகு தண்ணீருக்குள் இன்னும் எட்டு ஸ்டேஜ்கள் இருக்கின்றன, அதற்குப் போக ஒரு இரகசிய வழி உண்டு என்று ஒரு தலைமுறைச் சிறுவர்கள் நம்பினார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவன் பார்த்திருக்கிறான் என்பதுதான் எல்லா இடத்திலும் சாட்சி. நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் அப்படி எதுவும் இல்லை என்று காட்டிய பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. முதல் ஸ்டேஜில் நாயகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூழ்கிக் குண்டிலிருந்து தப்பிக்க முடியும். அந்த ஒரு அசைவிலிருந்து அத்தனை பிள்ளைகள் ஒரு கடலையே கட்டியிருக்கிறார்கள்.

விளையாட்டை முடித்தவர்களுக்குக் கடைசியில் ஒரு பெயர்ப் பட்டியல் வரும். இயக்குநரின் இடத்தில் உமேச்சான் என்று இருக்கும். அது உமெசாகியின் செல்லப்பெயர். தன் ஊழியரை வேறு நிறுவனம் இழுத்துக்கொள்ளுமோ என்ற கவலையில் அந்த நாளைய ஜப்பானிய நிறுவனங்கள் பல உண்மைப் பெயரைப் போட விடவில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். உலகின் இத்தனை மூலைகளில் இத்தனை பேர் ஆடிய ஒன்றைச் செய்தவர், தன் முழுப் பெயரை அதில் எழுத முடியவில்லை.

2019இல் தன் 50ஆம் ஆண்டை ஒட்டிக் கொனாமி காண்ட்ராத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. ஆர்கேட் வடிவமும் அமெரிக்க வடிவமும் அதில் இருந்தன. ஜப்பான் வடிவமும் அதில் உண்டு. 2024 மார்ச்சில் கலுகா தீவின் பெயரையே தலைப்பில் தாங்கிய புதிய காண்ட்ராவும் வந்தது, அதைச் செய்தது அமெரிக்காவின் வேஃபார்வர்ட் நிறுவனம். நம் பக்கத்து வடிவம் மட்டும் இந்த எந்தப் பட்டியலிலும் இல்லை. 50 துடிப்பில் தளர்ந்து ஓடிய, இடையிலிருந்து தொடங்கிய, உயிர்களை முன்கூட்டியே அள்ளிக் கொடுத்த அந்தக் காண்ட்ராக்களுக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை, அவற்றைச் செய்தவர் யார் என்ற பதிவும் இல்லை. அவை இருப்பது நம் வீட்டுப் பரண்களில், கறுப்புப் பசை உறைந்த பலகைகளில்தான். வெளிநாடுகளில் ஆர்வலர்கள் இப்படிப்பட்ட பல விளையாட்டுக் கேசட்டுகளைப் பொறுமையாகப் படியெடுத்துச் சேர்த்துவருகிறார்கள். ஒவ்வொரு கேசட்டின் மெனுவும் வேறு, உள்ளே உள்ள மாற்றங்களும் வேறு. பரண் சுத்தம் செய்யும்போது அப்படி ஒன்று கையில் அகப்பட்டால் பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் போட்டுவிடாதீர்கள்.