ஒடிந்த போல்ட்டும் விட்வொர்த்தும்

போன வாரம் என் பழைய காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றும்போது ஒரு போல்ட் ஒடிந்து, பாதி எஞ்சின் ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஹெட்டையே மாற்றணுமோ என்று பயந்துவிட்டேன். மெக்கானிக் அண்ணன் பதறவில்லை. ஒடிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்தார். சூட்டில் துருப்பிடி விட்டது. ஸ்பேனர் போட்டதும் கழண்டு வந்துடுச்சு. "எட்டு எம்எம், ஒண்ணேகால் மரை. கடையில கேளுங்க, தருவாங்க" என்றார்.

1841-க்கு முன்னால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. பிரிட்டனில் பட்டறைக்கு ஒரு மரை. போல்ட் ஒடிந்தால், எஞ்சினைச் செய்த பட்டறைக்கே போகணும். ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்களைச் சேகரித்து அளந்து, அந்த ஆண்டில் 55 டிகிரி கோணத்தில் ஒரு பொது மரையை முன்வைத்தார். 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ், வெட்டுவதற்கு எளிது என்று 60 டிகிரியைச் சொன்னார். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. இரண்டாம் உலகப்போரில் இரு நாட்டுத் தளவாடங்களும் கலந்தபோது அந்தத் தலைவலி முற்றியது. 1948-ல்தான் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 60 டிகிரிக்கு ஒத்துக்கொண்டன. என் காரின் மெட்ரிக் மரையும் அதே 60 டிகிரிதான்.

கடைக்காரர் அளவைக் கேட்டதும் போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். என்ன கார் என்றுகூடக் கேட்கவில்லை.