மலையேறிய சாராயம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உடனே போலீஸ் கல்வராயன் மலையேறி, ஓடையோரப் பேரல்களில் கிடந்த ஊறலைக் கவிழ்த்தது. ஆனால் ஆளைக் கொன்றது மெத்தனால்; தொழிற்சாலைச் சரக்கு. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டு மலையில் காய்ச்சுவது வேறு கதை. அதுவும் குற்றம்தான், உடம்புக்கு நல்லதென்று யாரும் சொல்லப்போவதில்லை. இரண்டையும் ஒரே பெயரில் பேசும்போது ஒரு கேள்வி மட்டும் அமுங்கிப்போகிறது: எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஊரோரம் இருந்த கள்ளுக்கடையை ஊர் காப்பாற்றியிருக்க வேண்டாமா?

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கல்வராயனின் மேற்கு அடிவாரமான ஆத்தூர்ப் பக்கம் சேலத்தில் இருந்தது. கிழக்கே கள்ளக்குறிச்சி தென்னார்க்காட்டில். ஒரே மலையின் ஒரு பக்கம் கடை மூடி, மறுபக்கம் திறந்திருந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மூடினார்கள். 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள், 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் சேர்த்துத் தடை. இந்த மூடல்களில் உண்மையில் அடிபட்டது கள் மட்டும்தான். கள்ளை ஒளிக்க முடியாது. பானை கட்டிய பனை தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இறக்கிய கள் மறுநாளே புளித்துக் கெட்டுவிடும். தொலைவுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. சாராயமோ லாரி டியூபில் அடங்கும், மாதக்கணக்கில் கெடாது, ராத்திரியோடு ராத்திரியாக மலையிறங்கும். ஒவ்வொரு தடையும் மரமேறியின் பிழைப்பைப் பறித்து, காய்ச்சுகிறவனுக்கு வாடிக்கையாளரைக் கொடுத்தது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சாலையும் பட்டாவும் தாமதமாகத்தான் வந்தன. சாமையும் கடுக்காயும் சுமந்து இறக்கியவர்களுக்கு அடிவாரத்தில் சாராயத்தைவிட நல்ல விலை வேறெதற்குக் கிடைத்திருக்கும்?

கள்ளுக்கடை இருந்த இடத்தை டாஸ்மாக் நிரப்பிவிட்டது என்பார்கள். 1983இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் 2003இல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. அங்கே விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், கள்ளில் ஏறக்குறைய 5. குவார்ட்டர் விலைக்குக் கட்டுப்படியாகாத கூலிக்காரர்தான் அதில் பாதிக்கும் குறைவான விலைக்கு பாக்கெட் தேடிப் போனார். இத்தனைக்கும் கருணாபுரம் காடல்ல, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பக்கத்திலேயே இருக்கும் பகுதி. விற்பவர் யார் என்று தெரியாமல் யாரும் வாங்கவில்லை. அவருக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. நம்மூர்ப் பனையில் இறக்கிய கள்ளுக்கு அந்தச் சந்தேகமே எழாது.

கள்ளுக்கடையும் குடும்பத்தைக் கெடுத்ததுதானே என்ற மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பெரியார் 1921இல் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்ததும், அவர் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் ஈரோட்டில் மறியலில் நின்றதும் வீம்புக்காக அல்ல. கூலி வீடு வந்து சேரவில்லை. ஆனால் அவர்கள் எதிர்த்தது ஆப்காரி, அதாவது கலால் ஏலத்தில் எடுத்த கடை. ஏலத்தொகையை எடுத்தாக வேண்டிய குத்தகைதாரர், இன்னும் ஒரு மொந்தை குடிக்கவைக்கவே கடை நடத்தினார். அந்தக் கடை திரும்ப வேண்டும் என்று கேட்பது அசட்டுத்தனம். கேரளத்தில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கள்ளுஷாப்பு நடத்துகின்றன. அங்கேயும் கலப்படப் புகார் உண்டு. கள் குறைவாகக் கிடைத்து, பாட்டில் மதுவோடு போட்டியிட முடியாமல் தள்ளாடும் கடைகளும் உண்டு. ஆக, அனுமதி மட்டும் போதாது. ஊர் தானே கணக்குப் பார்க்கவும், கலந்தால் மூடவும் அதிகாரம் வேண்டும். முற்றிய குடிநோயாளி கள்ளோடு நிற்கமாட்டார் என்பதும் உண்மை. அவருக்கு வேண்டியது மருத்துவம். எந்தக் கடையும் அதைத் தராது. நான் வாதாடுவது, வேலை முடிந்து உடம்பு வலிக்குக் கொஞ்சம் குடித்துவிட்டு வீடு திரும்பும் ஆளுக்காக. கருணாபுரத்துக்குப் பிறகு 2024இல் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனைவரை கொண்டுவந்தார்கள். விஷச் சாராயத்துக்கு அது தகும். அதே 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான், பனையில் கள் இறக்குகிறவரும் இன்றுவரை குற்றவாளி.