பிறையோடு நகரும் விடுமுறை

'கோடை விடுமுறை' என்ற தொடர் தமிழகத்துச் சஞ்சிகைகளின் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. ஏப்ரல், மே மாதங்கள் வந்துவிட்டால் பிள்ளைகளை எவ்வாறு பொழுதுபோக்கச் செய்வதென்று அங்கு ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். இலங்கையின் முஸ்லிம் பாடசாலைகளில் பயின்ற ஒருவருக்கு நீண்ட விடுமுறை என்றதும் கோடை நினைவுக்கு வருவதில்லை. நோன்புதான் நினைவுக்கு வரும். நமது சமூக வரலாற்றை எழுதியோர் பாடசாலைகளின் தோற்றத்தைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். அப்பாடசாலைகள் மூடிக்கிடந்த மாதத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே.

ஆங்கிலேயர் காலத்தில் கல்வியை முன்னின்று நடத்திய கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகளின் ஆண்டு நத்தாரையும் உயிர்த்த ஞாயிறையும் தழுவி அமைந்திருந்தது. நமது அரபு மத்ரஸாக்களின் ஆண்டோ வேறு. 1884இல் தோன்றிய வெலிகம பாரி அரபுக் கல்லூரி போன்ற நிலையங்களில் பிறைக் கணக்கே கணக்கு. ரமழான் வந்தால் மாணவர் ஊர் திரும்புவர். வெள்ளிக்கிழமை வாராந்த ஓய்வு நாள். அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலக் கல்வியின் தேவையைச் சமூகத்துக்கு எடுத்துரைத்த காலம் அது. நவீன கல்வியைத் தேடிப் போகும் பிள்ளை மார்க்கத்தை இழந்துவிடுமோ என்ற அச்சம் பெற்றோரிடம் நிறைந்திருந்தது. 1892இல் மருதானையில் வித்திடப்பட்ட ஸாஹிராவும், பின்னர் ஊர்தோறும் எழுந்த பாடசாலைகளும் அந்த அச்சத்துக்கு அளிக்கப்பட்ட விடைகளாகும். அரச கல்வி முறையில் முஸ்லிம் பாடசாலைகள் தனிப்பிரிவாக அமைந்தபோது நோன்பு விடுமுறையும் அவற்றின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. கல்வி அமைச்சு இன்றும் அவற்றுக்கெனத் தனியான தவணை அட்டவணையை வெளியிட்டு வருகிறது.

நகரும் விடுமுறையை நாடு முழுவதுமே ஒருமுறை அனுபவித்ததுண்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினமே வாராந்த ஓய்வு நாளாக இருந்தது. சந்திரனைப் பார்த்து விடுமுறை எண்ணும் அந்த முறை நாட்டுக்கு ஒத்துவரவில்லை; சனி, ஞாயிறு மீண்டும் வந்தன. நமது பிள்ளைகளோ நோன்பு மாதத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கிலேயே வளர்கிறார்கள்.

ரமழான் ஆண்டுக்குப் பத்து அல்லது பதினொரு நாட்கள் முன்னே வருகிறது. ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளில் அது பருவங்கள் அனைத்தையும் ஒருமுறை சுற்றி முடிக்கிறது. 1984இல் நோன்பு ஜூன் மாதத்தில் வந்தது. 1997இல் ஜனவரியில் வந்தது. 2010இல் ஓகஸ்டிலும் 2016இல் மீண்டும் ஜூனிலும் வந்தது. 2030இல் ஜனவரியிலும் டிசெம்பரிலும் இருமுறை வரவிருக்கிறது. ஆகவே நம்மில் ஒவ்வொரு தலைமுறையும் வேறொரு பருவத்தில் தன் விடுமுறையைக் கழித்திருக்கிறது. ஒரே வீட்டில் மூத்த காக்காவின் நோன்புக்கால நினைவில் கச்சான் காற்று வீச, கடைசித் தம்பியின் நினைவில் மாரி மழை பெய்கிறது.

கிழக்கிலங்கைக் கிராமங்களில் விளையாட்டுகளும் இதற்கேற்ப மாறின. வரண்ட மாதங்களில் நோன்பு நோற்ற பிள்ளை வெயிலில் ஓடி விளையாட முடியாது. மரநிழலில் மாபிள், திண்ணையில் கொக்கான், பல்லாங்குழி என்று நாவரட்சிக்கு ஏற்ற விளையாட்டுகள் நடந்தன. மாரியில் நோன்பு வந்தால் வீட்டுக்குள்ளே விடுகதையும் கதையும். பெப்ரவரி, மார்ச்சில் வந்தால் பெரும்போக அறுவடை. வேளாண்மைக் குடும்பத்துப் பையன்களில் பலருக்கு வாப்பாவுடன் வயலுக்குப் போவதே விடுமுறையாயிற்று.

எந்தப் பருவத்தில் வந்தாலும் மாறாதவை சில. காலையில் லெப்பையிடம் ஓதல். அஸருக்குப் பின் வாளியோடு பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வருதல். இவற்றுக்கும் மேலாக நிலவு. விடுமுறை எந்த மாதத்தில் வந்தாலும் அதன் நடுப்பகுதியில் வளர்ந்த நிலவு நிச்சயமாக உண்டு. தராவீஹ் தொழுகை முடிந்ததும் பையன்கள் மணல் வீதியில் கோடு கீறிக் கிளித்தட்டு மறித்தார்கள். பகலில் சோர்ந்து கிடந்த ஊர் இரவில் பிள்ளைகளுடையதாக இருந்தது. ஸஹர் நேரத்தில் பக்கீர் பாவாமார் றபான் தட்டிப் பைத் படித்து வரும்போது, பாதித் தூக்கத்தில் எழுந்து அவர்களைப் பார்ப்பதும் விளையாட்டின் ஒரு பகுதியே.

பெண்பிள்ளைகளின் பொழுதை உம்மம்மாக்கள் நடத்தினார்கள். அரபுத் தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரிந்த மூதாட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் அமர்ந்தனர். 'நூறு மசாலா'வில் இளவரசி வினாத் தொடுக்க நாயகன் விடை சொல்வான். வினா முடிந்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க சொல்லுங்க பாப்பம்" என்று பிள்ளைகளிடம் கேட்கும் மூதாட்டியே சிறந்த ஆசிரியை. பெருநாளுக்குக் கட்டும் ஊஞ்சலில் பாடப்பட்ட கவிகள் இந்த மாதத்திலேயே வாய்க்கு வாய் மாறின. எஸ்.எச்.எம். ஜெமீல் தொகுத்த 'கிராமத்து இதயம்', எஸ். முத்துமீரானின் தொகுப்புகள் ஆகியவற்றால் அக்கவிகளில் ஒரு பகுதி எழுத்தில் எஞ்சியுள்ளது. விளையாட்டுகளுக்கு அவ்வாறான பதிவு அரிது.

இந்த இரவுகளை முதலில் பறித்தது யுத்தம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். அதன் பின்னர் வந்த நோன்பு இரவுகளில் எந்தத் தாய் பிள்ளையை வீதிக்கு அனுப்புவாள்? அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகளுக்குப் புத்தளத்து முகாம்களில் வீதியும் இல்லை, முற்றமும் இல்லை.

யுத்தம் 2009இல் முடிந்தது. பிள்ளைகள் வீதிக்குத் திரும்பவில்லை. விடுமுறை நகர்கிறது, பரீட்சைகள் நம் பிறையைப் பார்த்து நகர்வதில்லை. 2011 ஓகஸ்டில் உயர்தர மாணவர் நோன்போடு பரீட்சை எழுதினர். பாடத்திட்டம் முடியவில்லை என்று விடுமுறையில் மேலதிக வகுப்பு. அது முடிய டியூஷன். அதுவும் முடிந்தால் கையில் தொலைபேசி. ஐந்தாந்தரப் பிள்ளைக்குக்கூட நோன்பு மாதம் மாதிரி வினாத்தாள்களின் மாதமாகிவிட்டது. பெற்றோரை மட்டும் இதற்குக் குறைகூற முடியாது. பரீட்சையில் பின்தங்கிய சமூகம் என்ற பழி நம்மீது நீண்டகாலம் இருந்தது. அந்தப் பழியைக் கழுவவே அவர்கள் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புகிறார்கள். எனினும் மார்க்கமும் மொழியும் விளையாட்டும் ஒன்றாய்க் கலந்து கிடைத்த ஒரு மாதத்தை அதற்கு விலையாகக் கொடுத்துவருகிறோம் என்பதை மறந்துவிடலாகாது.

2020இல் கொரோனா முடக்கத்தின்போது நோன்பு வந்தது. பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன, வீட்டு விறாந்தைகளில் குடும்பமாகத் தராவீஹ் தொழுதோம். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் ஒரு மாதம் முழுவதும் இருந்தபோது, பல வீடுகளில் பழைய கதைகள் வெளியே வந்தன. கேட்க ஆளிருந்தால் சொல்ல ஆளுண்டு என்பதை அந்த மாதம் காட்டிற்று.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நோன்பு விடுமுறைக்குக் கொடுக்கும் வீட்டு வேலையில் ஒரு பாடத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாக நான்கு கேள்விகளைக் கொடுக்கலாம். "உம்மம்மா சிறுவயதில் நோன்பு நோற்றபோது மழையா வெயிலா? என்ன விளையாடினார்கள்? அதன் விதி என்ன? யார் ஓதித் தந்தார்கள்?" ஒரு வகுப்பில் முப்பது கொப்பிகள் நிறைந்தால் அந்த ஊரின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் எழுதப்பட்டுவிடும். விடை சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். வருகின்ற நோன்பிலேயே இதைத் தொடங்குவது நல்லது.