அதிரடிப்படையின் காட்டு வேட்டை

சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைப் பிடிக்க, தமிழ்நாடு, கர்நாடக அரசுகளின் சிறப்பு அதிரடிப்படையினர் 2004 வரை நடத்திய நெடிய தேடுதல். தருமபுரியின் பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளிலிருந்து பர்கூர், சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலை வரை, காவிரியின் இரு கரையிலுமாக ஏறத்தாழ 6,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது நடந்தது. தேடியவர்கள் இராணுவத்தினர் அல்லர், காவலர்கள். அவர்களுள் பலர் அதுவரை காட்டில் ஓர் இரவுகூடத் தங்கியிராதவர்கள்.

இப்பகுதி பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடு. கோடையில் சருகு ஒவ்வொரு காலடியையும் சொல்லிவிடும். மழைக்குப்பின் மூங்கிலும் உண்ணிச்செடிப் புதரும் பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டா. பீடிப் புகையும் சமையல் புகையும் முகாம் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். மலைக்காய்ச்சலும் யானையும் துப்பாக்கிக்குச் சற்றும் குறையாத அச்சம் தந்தன. எதிராளிக்கோ ஊற்றும் யானைத்தடமும் மனப்பாடம்.

முதல் அடிகள் கர்நாடகத்துக்கு விழுந்தன. 1991 நவம்பரில் வனத்துறை அதிகாரி சீனிவாஸ், சரணடையும் பேச்சை நம்பிச் சென்று கொல்லப்பட்டார். 1992 மே மாதம் ராமாபுரம் காவல் நிலையத்தில் ஐந்து காவலர்கள் மாண்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று மீண்யம் அருகே காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதும் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தனர். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வெடித்த கண்ணிவெடிகள் 22 பேரைக் கொன்றன. அவர்களுள் பெரும்பாலோர் தகவலாளிகளான ஊர்க்காரர்கள். தேடுதல் குழுவை நடத்திச் சென்ற காவல் அதிகாரி ‘ராம்போ’ கோபாலகிருஷ்ணன் படுகாயங்களுடன் பிழைத்தார். அதன்பின் வால்டர் தேவாரம் தலைமையில் தமிழகப் படை விரிந்தது. எல்லைப் பாதுகாப்புப் படையும் வந்தது. மலைமக்களின் மொழி அறியாததால் அதனால் கிடைத்த பயன் சொற்பமே.

2000-இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி வைத்திருந்த 108 நாட்களில் படை கைகட்டி நின்றது. பிறகு காட்டுக்குள் துரத்துவதைவிட, வெளியே வரவழைப்பதே வழி என்றாயிற்று. 2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி அருகே பாடியில், கே. விஜயகுமார் தலைமையிலான படையினர் வீரப்பன் வந்த ஆம்புலன்ஸை மறித்தனர். துப்பாக்கிச் சண்டையில் வீரப்பனும் சேத்துக்குளி கோவிந்தன் உள்ளிட்ட மூவரும் இறந்தனர்.

படையினர் மீது மலைமக்கள் கூறிய சித்திரவதைப் புகார்களை தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. அந்த ஆணையம் 2007-இல் 89 பேருக்கு இழப்பீடு அறிவித்தது. இன்று இக்காடுகளின் ஒரு பகுதி காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களாகவும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமாகவும் உள்ளது.